பத்து டாலர் பங்கும் ஐம்பது சென்ட் வாசலும்

அமெரிக்கா பிறந்து நூறாண்டு நிறையும் 1876-ஐக் கொண்டாட, அந்நாட்டுக் காங்கிரஸ் 1871 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டது. பிலடெல்பியா நகரில் பன்னாட்டுக் கண்காட்சி நடக்கும். மாநிலத்துக்கு ஓர் ஆணையர் இருப்பார். அவர்களை நாட்டின் அதிபரே நியமிப்பார். இத்தனையும் சொன்ன அதே சட்டம், கண்காட்சிக்கு ஆகும் எந்தச் செலவுக்கும் மத்திய அரசு பொறுப்பல்ல என்றும் எழுதிவைத்தது. பெயர் தேசத்தின் பெயர். பணம் யார் வீட்டுப் பணம் என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்களின் கதைதான் இது. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊர் என்பதால் 1876, 1926, 1976 என்று ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை பிலடெல்பியாவின் வாசலில் தேசத்தின் பிறந்தநாள் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் வாஷிங்டன் முதலில் கையை விரித்தது, அல்லது அரைக்கை நீட்டியது. வணிகர்கள், மாநகராட்சி, மாதர் குழுக்கள், கூலித் தொழிலாளிகள் என்று பலர் சுமந்தார்கள். சுமந்தவர்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்று பார்த்தால், சிறு பணம் போட்டவர்களே எப்போதும் வரிசையின் கடைசியில் நின்றது தெரியும்.

யோசனை 1866-லேயே வந்துவிட்டது. இண்டியானா மாநிலத்தின் வாபாஷ் கல்லூரிப் பேராசிரியர் ஜான் கேம்ப்பெல், பிலடெல்பியா மேயர் மார்ட்டன் மெக்மைக்கேலுக்கு எழுதினார். உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிரிந்து மோதிய மாநிலங்களை ஒரே கூரையின் கீழ் கூட்டவேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருந்தது. ஆசைக்குப் பணம் வேண்டுமே. 1872 ஜூனில் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டு நூற்றாண்டு நிதிக் குழுமம் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. தலைவர் ஜான் வெல்ஷ், பிலடெல்பியாவின் பெரிய வணிகர். போர்க்காலத்தில், 1864-ல், காயம்பட்ட வீரர்களுக்காக அந்நகரில் நடந்த நிதிச் சந்தையில் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் காட்டிய கூட்டத்தின் முன்னணி ஆள். ஊரில் யார் பணப்பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

வெல்ஷின் குழுமம் ஒரு பங்கு 10 டாலர் வீதம் 1 கோடி டாலருக்குப் பங்கு விற்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பங்கு என்று ஒதுக்கி, நூறு நாள் அவகாசமும் கொடுத்தார்கள். பங்குப் பத்திரத்தை அரசின் கருவூலத் துறையே அச்சிட்டுக் கொடுத்தது. நுணுக்கமான செதுக்கோவியங்கள் நிறைந்த அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வாங்கியவர்களில் பலர் அதை முதலீடாக நினைத்திருக்க மாட்டார்கள்; நாட்டின் நூற்றாண்டுக்கு என் பெயரும் இருக்கட்டும் என்றே வாங்கினார்கள். கருவூலத்தின் அச்சு இருந்தால் கருவூலத்தின் உத்தரவாதமும் இருக்கும் என்று ஒரு சாதாரண மனிதர் நம்பியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. உத்தரவாதம் ஏதும் இல்லை.

1873 பிப்ரவரி வரை விற்றது சுமார் 18 லட்சம் டாலருக்குத்தான். அதிலும் பெரும்பகுதி பிலடெல்பியாவும் பென்சில்வேனியாவும் வாங்கியது. பாஸ்டனும் நியூயார்க்கும் இதைப் பக்கத்து ஊர்க்காரர்களின் விழாவாகவே பார்த்தன. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று ஃபேர்மவுண்ட் பூங்காவில் நிலம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, ஜே குக் வங்கி கதவடைத்தது. போர்க்காலத்தில் அரசின் கடன் பத்திரங்களை வீடு வீடாக விற்றுப் புகழ்பெற்ற வங்கி அது. தலைமையகம் இதே பிலடெல்பியா. ரயில்வே கடனில் சிக்கி அது விழுந்ததும் நாடு முழுக்க வங்கிகள் சரிந்தன, ஆலைகள் மூடின. வேலை போனவனிடம் போய் நூற்றாண்டுப் பங்கு வாங்கு என்று எப்படிக் கேட்பது?

அப்போது கைகொடுத்தது உள்ளூர்க் கஜானா. பென்சில்வேனியா மாநிலம் 10 லட்சம் டாலரும் பிலடெல்பியா நகரம் 15 லட்சம் டாலரும் தந்தன. இந்தப் பணத்துக்கு இன்றும் சாட்சி நிற்கிறது. கண்காட்சியின் ஓவியக்கூடமான மெமோரியல் ஹால் கல்லும் இரும்பும் கண்ணாடியுமாக, விழா முடிந்த பிறகும் இருக்கவேண்டும் என்றே கட்டப்பட்டது. பங்குப் பணத்தில் எழுந்த பிரம்மாண்டமான தற்காலிகக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டுப் போயின. 2008 முதல் மெமோரியல் ஹாலில் குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் இயங்குகிறது. இந்தக் கட்டடத்துக்குக் குடிவரவும் புதுப்பிக்கவும் கடன் பத்திரம் வழியாக வாங்கிய 6 கோடி டாலர் கழுத்தை இறுக்க, 2015-ல் அது திவால் பாதுகாப்பு கோரி, பின் நன்கொடைகளால் மீண்டது. நூற்றாண்டு விழா ஒரு கட்டடத்தை விட்டுச்செல்லும். அதைக் காப்பாற்றும் செலவையும் விட்டுச்செல்லும் என்பதை யாரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை.

பெண்களின் பங்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பங்கு விற்பனை தடுமாறியபோது நிதிக் குழுமம் எலிசபெத் டுவேன் கில்லெஸ்பியிடம் போனது. இவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் கொள்ளுப் பேத்தி. அவர் தலைமையில் மாதர் நூற்றாண்டுக் குழு அமைந்து ஊர் ஊராகக் கிளை விரித்தது. தேநீர் விருந்து, கச்சேரி, நினைவுப் பொருள் விற்பனை, வீட்டுக்கு வீடு பங்கு விற்பனை என்று 1 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். பதிலுக்கு, முதன்மைக் கட்டடத்தில் பெண்களின் படைப்புகளுக்கு இடம் என்று வாக்குறுதி இருந்தது. தொடக்க விழாவுக்கு ஓராண்டுக்கும் குறைவான நேரமே இருந்தபோது, வெளிநாடுகள் அதிக இடம் கேட்கின்றன, உங்களுக்கு இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வேண்டுமானால் சொந்தச் செலவில் தனிக் கட்டடம் கட்டிக்கொள்ளலாமாம். கட்டினார்கள். 30,000 டாலருக்கு மேல் மறுபடி வசூலித்து நான்கு மாதத்தில் மாதர் மண்டபத்தை எழுப்பினார்கள். உள்ளே தறிகளையும் அச்சு இயந்திரத்தையும் ஓட்டிய நீராவி எந்திரத்தை எம்மா ஆலிசன் என்ற பெண் இயக்கினார். பெண்களே ஒரு வாரப் பத்திரிகையும் அச்சிட்டார்கள். ஆண்களின் கண்காட்சிக்குப் பணம் திரட்டிக் கொடுத்துவிட்டு, தங்கள் இடத்துக்கு இன்னொரு முறை பணம் கட்டிய கூட்டம் அது.

இதே வசூலுக்குக் கறுப்பினப் பெண்களின் கிளைக் குழுவும் அழைக்கப்பட்டது. தங்கள் இனத்தாரிடம் மட்டும்தான் வசூலிக்கவேண்டும் என்று தெரிந்ததும் அவர்கள் எதிர்த்துக் கேட்டார்கள். கண்காட்சியின் கட்டுமான வேலைகளிலும் கறுப்பினத்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையினர் வேறு வழி பார்த்தார்கள். தங்கள் திருச்சபையை நிறுவிய ரிச்சர்ட் ஆலனுக்குக் கண்காட்சி வளாகத்தில் நினைவுச் சின்னம் வைக்கத் தாங்களே பணம் சேர்த்தார்கள். பீடம் வரும் வழியில் ரயில் விபத்தில் போயிற்று. மார்பளவுச் சிலை மட்டும் நவம்பரில், கண்காட்சி மூடச் சில நாளே இருந்தபோது வைக்கப்பட்டது.

1876 மே 10 அன்று வாசல் திறந்தது. அதிபர் கிராண்ட்டும் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோவும் சேர்ந்து கார்லிஸ் நீராவி எந்திரத்தை முடுக்கினார்கள். எந்திரக் கூடத்தின் நடுவே நின்று மற்ற எந்திரங்களுக்கெல்லாம் விசை கொடுத்த அந்த ராட்சதத்தை ஜார்ஜ் கார்லிஸ் தன் செலவிலேயே செய்து கொண்டுவந்திருந்தார். கண்காட்சி முடிந்து சில ஆண்டு கழித்து அது சிகாகோவில் புல்மன் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கு விலைபோனது. கார்லிஸுக்குக் கிடைத்த விளம்பரம் அந்தச் செலவைக் காட்டிலும் பெரிது. தேசிய விழாவில் தனியார் நிறுவனம் பணம் போடுவதன் கணக்கு அன்றே அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

வளாகத்துக்குள் தின்பண்டமும் குடிபானமும் விற்கக் குத்தகை ஏலம் போனது. சோடா நீர் விற்கும் தனியுரிமைக்கு ஜேம்ஸ் டஃப்ட்ஸும் சார்ல்ஸ் லிப்பின்காட்டும் 50,000 டாலர் கட்டினார்கள். சோடாவா இவ்வளவுக்குப் போகும் என்று மலைத்தவர்களுக்கு அந்தக் கோடையின் வெயில் பதில் சொன்னது. முப்பதடி உயரத்துக்குச் சோடா ஊற்று ஒன்றை எழுப்பி டஃப்ட்ஸ் கூட்டத்தை இழுத்தார். அதன் பிறகுதான் அமெரிக்க மருந்துக்கடைகளில் சோடா ஊற்று பரவலானது. பாப்கார்ன் விற்கும் தனியுரிமை 8,000 டாலருக்குப் போனது. இப்படிக் குத்தகை எடுத்தவர்கள் யாரும் பத்து டாலர் பங்குக்காரரைப் போல லாபப் பங்குக்காகக் காத்திருக்கவில்லை. கட்டினார்கள், விற்றார்கள், அன்றன்றைக்கே கையில் காசு பார்த்தார்கள்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 50 சென்ட். ஒரு கூலித் தொழிலாளிக்கு ஏறக்குறைய அரை நாள் சம்பளம். குடும்பத்தோடு வந்தால் இரண்டு நாள் உழைப்பு வாசலிலேயே போய்விடும். அதைக்கூடக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு வேறொரு தடை: வாரத்தின் ஒரே விடுமுறை நாளான ஞாயிறன்று கண்காட்சிக்குப் பூட்டு. ஓய்வுநாள் புனிதம் கெடக்கூடாது என்று ஆணையம் வாக்கெடுத்து முடிவுசெய்திருந்தது. ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத வளாகத்தில் நடுவர்கள் நடந்துவந்து அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தொலைபேசியைச் சோதித்தார்கள். பிரேசில் பேரரசரும் உடன் இருந்தார். பூட்டிய வாசலுக்கு உள்ளே அரசருக்கு வழி இருந்தது. அந்த மண்டபங்களைக் கட்டிய கொத்தனுக்கும் தச்சனுக்கும் அன்று இல்லை.

இருந்தும் மக்கள் வந்தார்கள். செப்டம்பர் 28, பென்சில்வேனியா நாள், ஒரே நாளில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல். நவம்பர் 10-ல் மூடும்போது மொத்தம் 1 கோடியை நெருங்கியிருந்தது. நுழைவு வசூல் மட்டும் சுமார் 38 லட்சம் டாலர். அன்றைய அமெரிக்காவின் மக்கள்தொகை நாலரைக் கோடியைச் சுற்றித்தான்.

இனிதான் கணக்குத் தீர்க்கும் நேரம். 1876 பிப்ரவரியில், திறப்பு விழாவுக்கு மூன்று மாதம் முன்பு, காங்கிரஸ் ஒருவழியாக இறங்கிவந்து 15 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது. பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கொடுக்கும் முன் இது கருவூலத்துக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு நிபந்தனை. நிதிக் குழுமம் அதற்கு ஒரு பொருள் சொன்னது: பங்குதாரர்கள் போட்ட முதலைத் திருப்பிக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம், அந்த மிச்சத்திலிருந்துதான் அரசுக்குத் தரவேண்டும். கீழ் நீதிமன்றம் இதை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1877-ல் தீர்ப்பு தலைகீழானது. அரசின் 15 லட்சம் முழுதாகத் திரும்பிய பிறகுதான் பங்குதாரருக்கு அவர் போட்ட முதலில் ஒரு காசாவது போகலாம் என்றது உச்ச நீதிமன்றம். இருந்த பணத்தில் அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டது. பத்து டாலர் போட்டவர்களுக்கு அதில் ஒரு சிறு பகுதியே திரும்பியது.

சட்டப்படி தீர்ப்பில் பிழை இருக்காது. ஆனாலும் நியாயம் எங்கே? செலவுக்குப் பொறுப்பல்ல என்று 1871-ல் ஒதுங்கிநின்ற அரசு, கடைசி மூன்று மாதத்தில் வந்து, கடன்காரர் வரிசையில் முதலாளாக நின்றது. பொருளாதாரம் இடிந்துகிடந்த 1873-லும் நாட்டை நம்பிப் பணம் கொடுத்த குடிமக்கள் அதன் பின்னால் நின்றார்கள். ஜான் வெல்ஷுக்கு நன்றிப் பரிசாக ஊரார் 50,000 டாலர் திரட்டினார்கள். அவர் அதை வைத்துக்கொள்ளாமல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக்கும் ஆங்கில இலக்கியத்துக்குமாக ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தக் கொடுத்துவிட்டார்.

அதே வளாகத்தில் இன்னொரு வசூலும் நடந்தது. பிரான்சில் சிற்பி பார்த்தோல்டி செய்துகொண்டிருந்த சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தம் ஏந்திய கை மட்டும் கப்பலேறி வந்து இங்கே நின்றது. 50 சென்ட் கொடுத்தால் உள்ளே ஏறித் தீப்பந்தத்தைச் சுற்றியுள்ள மாடத்தில் நின்று பார்க்கலாம், பணம் பீடத்துக்கு. பீடத்துக்கான நிதி அப்புறமும் பல ஆண்டு இழுத்தது. நியூயார்க் மாநிலம் 50,000 டாலர் தர முன்வந்தபோது ஆளுநர் குரோவர் கிளீவ்லாந்து 1884-ல் தடுத்தார். கடைசியில், 1885-ல், 'வேர்ல்ட்' பத்திரிகையின் ஜோசப் புலிட்சர் ஐந்து மாதத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கும் அதிகம். பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். ஒரு சில்லறைக் காசு அனுப்பிய பள்ளிச் சிறுவனின் பெயர்கூடப் பத்திரிகையில் அச்சாகும் என்றார் புலிட்சர், அச்சிட்டார். பத்திரிகை விற்பனையும் கூடியது, உண்மைதான். ஆனால் லாபம் தருவதாகச் சொல்லி யாரையும் அவர் ஏமாற்றவில்லை. கொடுத்த காசு எங்கே போகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரியும். பத்து டாலர் பங்கைவிட இது நேர்மையான ஏற்பாடு.

1876-லிருந்து ஐம்பது ஆண்டு கழிந்தது. 150-ஆவது ஆண்டுக்குப் பிலடெல்பியா மறுபடி கண்காட்சி நடத்தத் துணிந்தது. இம்முறை முன்னே நின்றவர் மேயர் ஃப்ரீலாண்ட் கெண்ட்ரிக். இடம் நகரின் தெற்குக் கோடி, சதுப்பு நிலம். அப்பகுதி வில்லியம் வேரின் அரசியல் கோட்டை. மாநகராட்சியின் குப்பை, தெருக் குத்தகைகளில் வளர்ந்த குடும்பம் அவருடையது. சதுப்பை மண் போட்டு மேடாக்கவே ஒரு பெருந்தொகை வேண்டியிருந்தது. பணம் போதாமல் திட்டம் வெட்டப்பட்டபோது தலைமை இயக்குநர் டேவிட் கோலியர் 1925-ல் பதவியை விட்டுப் போனார். தள்ளிவைக்கலாம் என்று சொன்னவர்களை மேயர் கேட்கவில்லை. அவர் முன்பு தலைவராக இருந்த ஷ்ரைனர் சங்கத்தின் மாநாடு ஜூனில் அதே ஊரில் கூடவிருந்தது. 1926 மே 31 அன்று பாதி முடியாத மண்டபங்களோடும் சேற்றுப் பாதைகளோடும் கண்காட்சி திறந்தது.

வாசலில் 80 அடி உயரத்தில், 26,000 மின்விளக்குகளால் ஆன சுதந்திர மணி. இரவில் அதைப் பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். பகலிலோ மழை. கண்காட்சி நடந்த 184 நாளில் 107 நாள் மழை பெய்தது. ஞாயிறன்று திறந்துவைத்துத் தொழிலாளர் குடும்பங்களை வரவழைக்கப் பார்த்தார்கள்; திருச்சபைகள் நீதிமன்றம் போயின. வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் வளாகத்தில் பேரணி நடத்த மேயர் முதலில் அனுமதி கொடுத்து, எதிர்ப்பு வெடித்ததும் திரும்பப் பெற்றார். மக்கள் விரும்பிப் பார்த்தது பெண்கள் குழு ஒன்று 1776-இன் ஹை தெருவை வீடு வீடாகத் திரும்பக் கட்டிக் காட்டிய பகுதியை. மற்றபடி வசூல் எதிர்பார்த்ததன் அருகில்கூட வரவில்லை. மூன்று கோடிப் பேர் வருவார்கள் என்ற கனவில், கட்டணம் கொடுத்து வந்தவர்கள் அரைக் கோடியைத் தொடவில்லை.

நிதிக்கு அந்தக் காலத்தில் ஒரு புது வழி இருந்தது: நினைவு நாணயம். 1892-ல் கொலம்பஸ் நானூறாம் ஆண்டுச் சிகாகோ கண்காட்சிக்கென அரை டாலர் நாணயம் அடித்து ஒரு டாலருக்கு விற்றதில் தொடங்கிய பழக்கம். முதல் நாணயத்தை ரெமிங்டன் தட்டச்சு இயந்திர நிறுவனத்தார் 10,000 டாலர் கொடுத்து வாங்கி விளம்பரம் தேடிக்கொண்டார்கள். அரசுக்குச் செலவில்லை, கண்காட்சிக்கு வரவு, வாங்குபவருக்கு நினைவுப் பொருள், எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 1926-இல் அதே நம்பிக்கையில் பத்து லட்சம் அரை டாலர் நாணயம் அடித்தார்கள். பதவியில் இருந்த அதிபர் கூலிட்ஜின் முகமே அதில் பொறிக்கப்பட்டது. உயிரோடு இருக்கும் அதிபரின் முகம் அமெரிக்க நாணயத்தில் வந்தது அதுவே முதல் முறை. விற்றது ஏறக்குறைய 1,41,000. மீதி எட்டரை லட்சத்துக்கும் மேல் நாணயச் சாலைக்கே திரும்பிப் போய் உருக்கப்பட்டது. இரண்டரை டாலர் தங்க நாணயத்தின் கதியும் அதுவே: இரண்டு லட்சம் அடித்ததில் 46,000 அளவுக்கே விலைபோயின.

கண்காட்சிக் கழகம் 1927-ல் நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. மண்டபங்களும் தளவாடங்களும் ஏலம் போயின. நட்டம் பெரும்பாலும் மாநகராட்சி தலையில், அதாவது வரி கட்டிய வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது. எஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்கது சுவீடிய அமெரிக்கர்களின் அருங்காட்சியகம். கண்காட்சி நடந்த ஜூனில் சுவீடன் பட்டத்து இளவரசர் அடிக்கல் நாட்டினார். அங்கு குடியேறிய சுவீடிய மக்கள் தங்களுக்குள் பணம் சேர்த்துக் கட்டினார்கள். இன்றும் திறந்திருக்கிறது. தன் சமூகத்துக்காகத் தானே கொடுத்த பணம் நூறாண்டாகக் கட்டடமாக நிற்பதும், ஊரையே மயக்கவந்த மின்விளக்கு மணி அந்த ஆண்டோடு போனதும் தற்செயல் என்று தோன்றவில்லை.

1976-க்கான ஏற்பாடு 1966-லேயே தொடங்கியது. அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் அமைந்த இருநூற்றாண்டு ஆணையம் நிக்சன் காலத்தில் அரசியல் களமானது. பிலடெல்பியா மறுபடியும் உலகக் கண்காட்சிக்கு ஆசைப்பட்டது. செலவு 100 கோடி டாலர் வரை பேசப்பட்டது. எந்த இடத்தைச் சொன்னாலும் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். 1972 மே மாதம் ஆணையம் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஆணையத்தின் உள் ஆவணங்கள் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் வெளியாயின. வணிக நிறுவனங்களோடு நெருக்கம், கட்சி அரசியல் கணக்கு என்று சங்கதிகள் சந்திக்கு வந்தன. மாநிலத்துக்கு ஒரு பூங்கா என்ற 120 கோடி டாலர் யோசனையும் கிடப்பில் போனது. 1973 டிசம்பரில் ஆணையத்தையே கலைத்துவிட்டுப் புது நிர்வாக அமைப்பு கொண்டுவந்தார்கள். ஜான் வார்னர் தலைவரானார். ஒரே ஊரில் ஒரே பெருவிழா வேண்டாம், அவரவர் ஊரில் அவரவர் கொண்டாடட்டும், சிறு மானியம் தருகிறோம் என்பது புதிய கொள்கை. சுமார் 12,000 ஊர்கள் பெயர் பதிந்தன. பழைய ரயில் நிலையத்தைப் புதுப்பித்த ஊர், நூலகம் கட்டிய ஊர், வெறும் ஊர்வலம் போன ஊர் என எல்லாமும் அதில் உண்டு. அரசுப் பணம் நன்றாக வேலை செய்த தருணம் அது.

தேசம் முழுக்கச் சுற்றவேண்டிய காட்சியை அரசு தனியாரிடம் விட்டது. அதுதான் சுதந்திர ரயில். பெப்சி, ஜெனரல் மோட்டார்ஸ், கிராஃப்ட், புருடென்ஷியல் ஆகிய நான்கு நிறுவனங்கள் ஆளுக்கு 10 லட்சம் டாலர் உபயம். நீராவி எஞ்சின் இழுக்க, நாட்டின் ஆவணங்களும் நினைவுப் பொருட்களும் சுமந்து 1975 ஏப்ரலில் கிளம்பி 1976 டிசம்பர் கடைசிவரை 48 மாநிலங்களில் ஓடியது. எழுபது லட்சம் பேர் டிக்கெட் எடுத்து ஏறினார்கள். தானியங்கிப் பாதை அவர்களை நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டே போனது. தொலைக்காட்சியில் இரவுதோறும் ஒரு நிமிடம் சுதந்திரப் போர் வரலாறு சொன்ன தொடருக்கு ஷெல் எண்ணெய் நிறுவனம் உபயம். செயற்பாட்டாளர் ஜெரெமி ரிஃப்கின் போன்றவர்கள் மக்கள் இருநூற்றாண்டுக் குழு என்று தனி அமைப்பு தொடங்கி, புரட்சியின் பெயரில் கம்பெனிகள் கடைவிரிக்கின்றன என்று எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. தேயிலை வரிக்கும் ஏகபோக வணிகக் கம்பெனிக்கும் எதிராகப் பிறந்த கதையை, அந்தக் கோணத்தை விட்டுவிட்டுச் சொல்வதுதான் உபயதாரருக்கு வசதி.

பிலடெல்பியாவுக்கு என்ன கிடைத்தது? மேயர் ஃபிராங்க் ரிஸ்ஸோ போராட்டக்காரர்களைக் காரணம் காட்டி 15,000 ராணுவ வீரர்களை அனுப்பும்படி மத்திய அரசைக் கேட்டார். அரசு மறுத்தது, அந்தச் செய்தியே பல சுற்றுலாக்காரர்களை விரட்டியது. ஜூலை இறுதியில் பெல்லெவ்யூ ஸ்டிராட்ஃபர்ட் ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டிலிருந்து புதுவகை நிமோனியா கிளம்பி 34 உயிரைப் பறித்தது. பின்னாளில் லீஜியனர் நோய் என்று பெயர் பெற்றது அதுதான். ஓட்டல்கள் காலியாயின.

ஆனால் மாநகராட்சி அந்த ஆண்டு தன் பணத்தில் செய்த ஒரு காரியம் நிலைத்தது. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் கட்டியது. பெரிய அமெரிக்க நகரம் ஒன்று தன் நிதியில் கட்டிய இவ்வகை அருங்காட்சியகங்களில் முதலாவது. நூறு ஆண்டு முன்பு ரிச்சர்ட் ஆலனின் சிலைக்கு அவர் திருச்சபையார் தங்கள் மடியிலிருந்து கொடுத்த ஊர் இது.

இடையில் 1986-ல் நியூயார்க்கில் சுதந்திர தேவியின் நூற்றாண்டு வந்தது. புதுப்பிக்கும் பொறுப்பைக் கிரைஸ்லர் கார் நிறுவனத் தலைவர் லீ ஐயகோக்காவிடம் கொடுத்தார் அதிபர் ரீகன். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1983-ல் ஒரு திட்டம் அறிவித்தது: வாடிக்கையாளர் அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சென்ட், புது அட்டை வாங்கினால் ஒரு டாலர் சிலைக்குப் போகும். மூன்று மாதத்தில் 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அட்டையின் பயன்பாடும் கூடியது. புலிட்சரின் பத்திரிகையில் கொடுத்தவரின் பெயர் இருந்தது. இங்கே கம்பெனியின் பெயர்.

2026-க்கான ஆணையத்தைக் காங்கிரஸ் 2016 ஜூலையில் ஏற்படுத்தியபோது, ஆணையத்தின் செலவு முழுவதும் நன்கொடையிலிருந்தே நடக்கவேண்டும் என்று எழுதியது. நூற்றைம்பது ஆண்டுகளில் வாசகம்தான் மாறியிருக்கிறது. பிறகு மனம் இளகி ஆண்டுதோறும் ஏதோ ஒதுக்கி, 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரவுசெலவுச் சட்டத்தில் உள்துறை வழியாக 15 கோடி டாலர் கொடுத்தார்கள். பிலடெல்பியாவுக்கு 2026 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்தின் நாக் அவுட் ஆட்டம் ஒன்று ஒதுக்கப்பட்டது. ஆடும் மைதானம் இருப்பது 1926-இல் மண் போட்டு மேடாக்கிய அதே தெற்குப் பகுதியில். டிக்கெட் விற்பனையும் உபயதாரர் பணமும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு. போலீஸ் பாதுகாப்பு, போக்குவரத்து, தெரு ஏற்பாடுகள் ஊருக்கு. 11 அமெரிக்க நகரங்களின் பாதுகாப்புச் செலவுக்கென 2025-இன் அதே சட்டம் தந்த தொகை 62.5 கோடி டாலர். நாட்டின் 250-ஆவது பிறந்தநாளுக்குத் தந்ததைப்போல் நான்கு மடங்கு.